பஸ் போகாத கரைகள்: காவிரிப் படுகையில் கிராவல் சைக்கிள் பயணம், முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு 13 கிலோமீட்டர். அதற்குள் ஐந்து ஆறுகள் குறுக்கிடுகின்றன: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. பஸ்ஸில் போகிறவருக்கு அது ஐந்து பாலம். சைக்கிள்காரர் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பாலத்துக்கு இரண்டு முனை. ஒவ்வொரு முனையிலும் இடப்பக்கம் ஒரு கரை, வலப்பக்கம் ஒரு கரை. ஆக, அந்த அரைமணி நேர பஸ் பயணத்தில் இருபது கரைகளின் வாசலைத் தாண்டிவிடுகிறோம். சிலவற்றில் தார் போட்டு மினி பஸ் விட்டுவிட்டார்கள். சில முள்மண்டித் தூர்ந்துவிட்டன. மிச்சம் இருப்பவைதான் நம் விஷயம்: செம்மண் கிராவல் கொட்டிய, கப்பி பெயர்ந்த, ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் வயலுமாகப் போகிற பாதைகள். காலை முழுக்க ஓட்டினாலும் நான்கைந்து டூவீலர், ஒரு டிராக்டர், ஒரு ஆட்டு மந்தைதான் எதிரே வரும்.

இந்தப் பாதைகளை யாரும் சைக்கிளுக்காகப் போடவில்லை. ஆறு, வாய்க்கால் என்று எதுவாக இருந்தாலும் கரையைப் பார்த்துக்கொள்ள ஆள் போய்வர வேண்டும், உடைப்பு எடுத்தால் மணல் மூட்டையோடு டிராக்டர் போக வேண்டும், கோடையில் தூர் வார பொக்லைன் இறங்க வேண்டும். அதற்காகக் கரைமேல் விட்டுவைத்த அகலம் அது. தண்ணீரின் வசதிக்குப் போட்ட பாதை என்பதால் ஊர்ப்பெயர்ப் பலகை இருக்காது, வளைவு எச்சரிக்கை இருக்காது, திடீரென்று முடிந்தும் போகும். கரையைப் பார்த்தே அது எதுவரை போகும் என்று ஓரளவு கணிக்கத் தெரிந்தால் டெல்டாவில் எங்கே இறங்கினாலும் பாதை கிடைக்கும். அதைச் சொல்லித்தருவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. நடுவில் மூன்று நாள் பயணம் ஒன்றும் தருகிறேன். அதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை.

முதல் படி: மாதத்தை முடிவு செய்யுங்கள்

வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும், ஜனவரி 28இல் மூடும். நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகும் என்றாலும், டெல்டாவின் நாட்காட்டி இதுதான். தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர இரண்டு மூன்று நாள் ஆகும். அங்கிருந்து பிரிந்து கடைமடைக்குப் போய்ச்சேர இன்னும் பல நாள்.

என்னைக் கேட்டால் இரண்டு பருவம்தான் சரி. ஒன்று, பொங்கல் முடிந்து மாசிவரை. வெயில் தாங்கும், கரை காய்ந்து இறுகியிருக்கும், சம்பா அறுப்பு நடக்கும். இன்னொன்று ஆடி. ஆற்றில் புதுத் தண்ணீர் ஓடும், குறுவைப் பயிர் பச்சையாக நிற்கும், மழை அதிகம் இருக்காது. ஆனால் காற்று இருக்கிறது. 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்று சும்மா சொல்லவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இந்தச் சமவெளியில் தடுக்க ஆளில்லாமல் வீசும். அதனால் ஆடியில் எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கே ஓட்டுங்கள். கல்லணையில் ஏறிக் கடலில் இறங்கினால் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். அதே காற்றில் கிழக்கிலிருந்து மேற்கே வந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது வேண்டாத வேலை. தை, மாசியில் கதை மாறும். அப்போது மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து முகத்தில் அடிக்கும். விடிவதற்குள் கிளம்பிப் பதினொரு மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிடுவது நல்லது.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு மட்டும் போகாதீர்கள், அல்லது அதைப் பார்க்கவே போங்கள். படித்துறை இருக்கிற இடத்திலெல்லாம் கூட்டம் கரைவரை நிற்கும். சைக்கிளை உருட்டக்கூட இடம் இருக்காது.

ஐப்பசி, கார்த்திகை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நவம்பரில், இரண்டு நாளாக மழை இல்லையே என்ற தைரியத்தில் வெண்ணாற்றங்கரையில் இறங்கினேன். முதல் ஒரு கிலோமீட்டர் கிராவல், நன்றாகத்தான் போனது. கிராவல் முடிந்து வெறும் மண் தொடங்கிய இடத்தில் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றியது, மூன்றாவது சுற்றுக்கு நின்றுவிட்டது. வழுக்கவில்லை, புதையவில்லை. டயரில் ஒட்டிய களிமண் சுற்றுக்கு ஒரு அடுக்காக ஏறி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழையாமல் அடைத்துக்கொண்டது. குச்சியால் கிளறி எடுத்தேன். பத்தடி போனதும் மறுபடி அதேதான். கடைசியில் இருபது கிலோ எடையாகிவிட்ட சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பு ஒன்றைச் சேற்றுக்குக் காணிக்கை கொடுத்து, மூன்று கிலோமீட்டர் நடந்து தார்ச்சாலைக்கு வந்தேன். வழியில் நாற்றுக்கட்டு சுமந்து வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கார்த்திகையில யாராவது கரை மேல வண்டி ஓட்டுவாங்களா தம்பி" என்று கேட்டார். பதில் இல்லை.

காவிரி வண்டல் அவ்வளவு பொடிசு. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகுச் சிலைமேல் பூசி வார்ப்பச்சு எடுப்பது இந்த மண்ணில்தான். நகக்கண்ணின் கோடுவரை பதிந்துகொள்ளும் மண், உங்கள் டயரின் கட்டங்களை மட்டும் விட்டுவிடுமா? ஒரு பெருமழைக்குப் பிறகு நன்றாக வெயில் அடித்து நான்கைந்து நாளாவது போகட்டும். சந்தேகமாக இருந்தால் கரையோர மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாகத் திரண்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: சைக்கிளும் டயரும்

மண்ணிலும் கப்பியிலும் ஓட்டுவதற்கென்று அகல டயர் போட்டு, கிராவல் சைக்கிள் என்று தனியாக விற்பதை வாங்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் குடி மூழ்கிவிடாது. அப்பா காலத்துப் பெரிய சைக்கிளின் டயரை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். 28 × 1½ என்று போட்டிருக்கும். அதன் அகலம் 40 மில்லிமீட்டர். இன்றைய கிராவல் சைக்கிள்களில் அதிகம் மாட்டுகிற அகலமும் ஏறக்குறைய அதேதான். நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு இதே கரைகளில் ஓடிய டயர் அது. மலை கிடையாது, மொத்த ஏற்றமே கரை ஏறுவதும் பாலம் ஏறுவதும்தான். ஹைபிரிட், எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) எதுவானாலும் டயர் 38 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் கிளம்பலாம். ரோடு பைக்கின் 25, 28 டயரோடு மட்டும் வராதீர்கள். கப்பியில் ரிம் அடிவாங்கும்.

காற்று அதிகம் அடித்துக்கொண்டு வருவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 40 மி.மீ. டயரில் முன்பக்கம் 35 பிஎஸ்ஐ, பின்பக்கம் 40 வைத்தால் போதும். ட்யூப்லெஸ் என்றால் இன்னும் நான்கைந்து குறைக்கலாம். பெடல் போடும்போது கப்பி கையில் 'டர்ர்' என்று அதிர்ந்தால் காற்று கூடுதல். வாய்க்கால் மதகு மேட்டில் ஏறி இறங்கும்போது ரிம் தரையில் இடிப்பது தெரிந்தால் குறைவு.

பஞ்சர்தான் டெல்டாவின் உண்மையான பிரச்சினை. கரை நெடுகச் சீமைக்கருவேலம் நிற்கிறது. ஆடு மேய்ப்பவர்கள் கிளை ஒடித்துப் போட்ட இடம், வேலிக்கு முள் வெட்டிய இடம், ரெண்டும் டயருக்கு ஆகாது. கோடையில் நெருஞ்சியும் சேர்ந்துகொள்ளும். ட்யூபுக்குள் பஞ்சர் திரவம் ஊற்றிக்கொள்ளுங்கள். ரெண்டு மாற்று ட்யூப், ஒட்டுகிற பொட்டலம், கைப்பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். முள்ளைப் பிடுங்க ஒரு சின்ன ப்ளக்கரும் வேண்டும். ட்யூப் மாற்றும்போது டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்காமல் மாட்டினால், உள்ளே முறிந்து நிற்கும் அதே முள் புது ட்யூபையும் பத்து நிமிடத்தில் பதம் பார்த்துவிடும்.

வால்வு விஷயம் யாரும் சொல்வதில்லை. கிராமத்துப் பஞ்சர் கடையில் இரண்டு வகை வால்வுக்குத்தான் வழக்கமாகக் காற்றடிப்பார்கள்: வால்டியூப் போட்ட பழைய சைக்கிள் வால்வு, பைக், கார் வால்வு. உங்கள் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உங்களைப் பார்ப்பார். பித்தளையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு அடாப்டர் கிடைக்கிறது. வால்வின் தலையை இளக்கி, மேலே அதைத் திருகிவிட்டால் பைக் பம்பு பொருந்திவிடும். ரெண்டு வாங்கி, ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிவையுங்கள். ஒன்று எப்படியும் தொலையும்.

மற்றபடி ஹெல்மெட், ரெண்டு பாட்டில் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம், பவர் பேங்க், மெல்லிய துண்டு. துண்டு எதற்கு என்று பம்புசெட்டைப் பார்த்ததும் தெரியும்.

மூன்றாம் படி: வீட்டில் உட்கார்ந்து கரையைப் படித்தல்

பயணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வழிகாட்டி ஆப்பில் 'சைக்கிள்' என்று தட்டினால் அது உங்களைப் பெரும்பாலும் தார்ச்சாலையில்தான் இழுத்துக்கொண்டு போகும். அதை நம்ப வேண்டாம். செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ஆற்றின் இரு கரைகளையும் விரலால் தொடர்ந்து போங்கள்.

சாம்பல் நிறத்தில் சீராகப் போவது தார், வெளிறிய வெண்மை காங்கிரீட், செந்நிறம் கிராவல், மங்கிய பழுப்பு வெறும் மண். பொதுவாக ஒரு கரை தார் என்றால் எதிர்க்கரை மண்ணாக இருக்கும். பஸ் ஒரு பக்கம்தானே ஓட வேண்டும். நமக்கு வேண்டியது எதிர்க்கரை. அடுத்து, அந்தக் கரையில் வாய்க்கால் பிரியும் இடங்களைப் பாருங்கள். தலைப்பு மதகு இருந்தால் அதன்மேலேயே கடந்துவிடலாம். மதகு இல்லாத சின்ன உடைப்போ வடிகாலோ இருந்தால் சைக்கிளைத் தூக்க வேண்டிவரும். ஆற்றைக் கடக்கப் பாலம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நீர்பங்கீட்டு ரெகுலேட்டர்கள் பலவற்றின்மேல் நடையும் டூவீலரும் போக வழி உண்டு. அவற்றைக் குறித்துக்கொண்டால் கரை மாறி மாறி ஓட்டலாம்.

இன்னொரு எச்சரிக்கை. படத்தில் அகலமாக, புத்தம்புதுக் காங்கிரீட்டில், ஊரிலிருந்து நேராகக் கரைக்கு வந்து, கரையோடு கொஞ்ச தூரம் போய் ஒரு தகரக் கொட்டகையில் முடிகிற பாதையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அது சுடுகாட்டுச் சாலை. டெல்டாவில் ஊருக்கு ஊர் ஆற்றங்கரையில்தான் சுடுகாடு. அதைத் தாண்டிய பாதை ஒற்றையடியாகச் சுருங்கிவிடும். சில நேரம் இருக்கவே இருக்காது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் புள்ளிக்கோடாகக் காட்டும் மண்பாதைகளையும் ஒருமுறை ஒப்பிட்டு, நெட் இல்லாமலும் திறக்கும்படி போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். படத்தில் பார்த்தது நேரில் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். கல்லணைக் கால்வாயையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டி 1934இல் முடிந்தது. 148 கிலோமீட்டர் நீளம். ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் அது 'புது ஆறு'தான். அண்மை ஆண்டுகளில் அதில் காங்கிரீட் தளமும் சரிவும் போட்டுச் சீரமைத்தார்கள். வேலை நடந்த இடங்களில் கரையின் முகமே மாறிவிட்டது.

நான்காம் படி: மூன்று நாள் பாதை

கல்லணையிலிருந்து பூம்புகார்வரை காவிரியை ஒட்டியே மாநில நெடுஞ்சாலை 22 போகிறது. அழகான சாலைதான். ஆனால் வளைவில் திரும்பும் தனியார் பஸ்ஸின் ஹாரனைக் கேட்டுக்கொண்டே ஆற்றை ரசிக்க எனக்கு முடியவில்லை. அதனால் அந்தச் சாலையைத் துணைக்கு வைத்துக்கொண்டு பக்கத்துக் கரைகளில் போகிறோம். அசதியானாலோ சக்கரம் கோணினாலோ தார்ச்சாலையும் பஸ்ஸும் நாலைந்து கிலோமீட்டரில் கிடைக்கும்.

முதல் நாள், கல்லணையிலிருந்து திருவையாறு, சுமார் 45 கிலோமீட்டர். திருச்சியில் இரவு தங்கி, விடியலில் காவிரியின் தென்கரைச் சாலை வழியாகக் கல்லணைக்கு வந்துவிடுங்கள். அணைமேல் நின்று ஒருமுறை திசை பார்த்துக்கொள்வது அவசியம். வடக்கே கொள்ளிடம், அடுத்து காவிரி, அடுத்து வெண்ணாறு, தெற்கே புது ஆறு. மூன்று நாளும் இந்த வரிசை மனதில் இருந்தால் வழி தவறாது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் கிழக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே நம் வழி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலம். வாழை, மூங்கில், தென்னை. ஒரு பக்கம் போனால் காவிரி, மறுபக்கம் போனால் கொள்ளிடம், தொலைந்துபோகவே முடியாது. கொள்ளிடத்தின் தென்கரையைப் பிடியுங்கள். வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய கரை என்பதால் மேலிருந்து இரு பக்கமும் தெரியும். வெள்ளம் இல்லாத நாளில் கொள்ளிடம் ஒரு ஆறு மாதிரியே இருக்காது. கண்ணுக்கு எட்டியவரை மணலும் நாணலும், நடுவில் வேட்டி அகலத்துக்கு ஒரு நீரோட்டம். மயில் நிறைய. கோவிலடியில் இறங்கி டீ குடிக்கலாம். அங்கே அப்பக்குடத்தான் பெருமாளுக்கு அப்பம்தான் நைவேத்தியம். மணல் லாரி ஓடுகிற தடம் தெரிந்தால் (இரட்டைப் பள்ளம், புழுதி மாவாக இருக்கும்) அந்தப் பகுதியை விட்டுக் காவிரிப் பக்கம் வந்துவிடுங்கள். அந்தப் புழுதியில் சக்கரம் நிற்காது, லாரியும் நமக்காக நிற்காது.

திருவையாற்றில் படித்துறையில் கால் நனைத்துவிட்டு அசோகா சாப்பிடுங்கள். பாசிப்பருப்பில் செய்து நெய் மிதக்கும் அந்த இனிப்புக்கு இந்த ஊர்தான் பேர்போனது. 45 கிலோமீட்டர் பெடல் போட்டவருக்கு அதைச் சாப்பிட முழு உரிமை உண்டு. தங்குவதற்குத் தஞ்சாவூர் வசதி. தியாகராஜ ஆராதனை நடக்கும் நாட்களில் திருவையாற்றில் அறை கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள்.

இரண்டாம் நாள், கும்பகோணம், சுமார் 40 கிலோமீட்டர். நான் சொல்லும் மூன்று நாளில் இதுதான் மிக அமைதியான நாள். தஞ்சைச் சாலையில் குடமுருட்டிப் பாலத்தில் கிழக்கே திரும்புங்கள். குடமுருட்டி சின்ன ஆறு, கரையும் சின்னது. மரங்கள் இரு பக்கமிருந்தும் வளைந்து நிற்கும் இடங்கள் உண்டு. பாபநாசம் வட்டாரம்வரை முடிந்தவரை இந்தக் கரையிலேயே வந்து, பிறகு வடக்கே ஏறி அரசலாற்றைப் பிடித்தால் அது கும்பகோணத்தின் தெற்கு விளிம்பில் கொண்டுபோய் விடும். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் ஊர். வழியில் சுவாமிமலைக்கு ஒரு சுற்று போய் வரலாம். பட்டறையில் அந்த வண்டல் மண்ணைக் கையில் வாங்கிப் பார்த்தால், கார்த்திகையில் என் சைக்கிளுக்கு என்ன ஆனது என்று புரியும்.

இந்த நாளில் கவனிக்க வேண்டியது அறுவடை. தை, மாசியில் சாலையோரம் நெல் காயும். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் குவியல் குவியலாகத் தார்ப்பாய் மூடிக் கிடக்கும். ஈரப்பதம் குறைந்தால்தான் எடுப்பார்கள் என்பதால் விவசாயி அதைக் கிளறிக்கொண்டே காவல் இருப்பார். காயும் நெல்மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள், அரை அடி இடம் இருந்தாலும் இறங்கி உருட்டுங்கள். பங்குனி வாக்கில் நெல்லுக்குப் பின் விதைத்த உளுந்து, பயறு அறுப்பு வரும். செடியோடு பறித்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகளே போரடித்துத் தரும். கார் போகலாம், கியர் சைக்கிள் போகக் கூடாது. உளுந்தங்கொடி பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டிரெய்லியரில் சுற்றிக்கொண்டால், அதைத் தாங்கும் ஹேங்கரையே முறித்துவிடும். எனக்கு முறிந்திருக்கிறது. அதிலிருந்து மாற்று ஹேங்கர் ஒன்று எப்போதும் பையில் இருக்கும்.

மூன்றாம் நாள் இரண்டு வழி. அரசலாற்றங்கரையிலேயே தொடர்ந்தால் 55 கிலோமீட்டரில் காரைக்கால். கடைசியில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஒன்றியப் பகுதி தொடங்குவது கடைப் பலகைகளைப் பார்த்தால்தான் தெரியும். கரை ஆளில்லாமல் போகும், கடையும் குறைவு, எனவே சாப்பாடு கையில் வேண்டும். இன்னொன்று, காவிரியோடு மயிலாடுதுறை போய், அங்கிருந்து பூம்புகார், 60 கிலோமீட்டர் சொச்சம். ஆடுதுறை, குத்தாலம் என்று ரயில் நிலையங்கள் பக்கத்திலேயே வருவதால் முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் பத்திரம். ஓட்டுவதற்கு அரசலாறு நன்றாக இருக்கும். ஆனால் காவிரி கடலில் சேரும் இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். கல்லணையில் அவ்வளவு அகலமாகப் பார்த்த ஆறு, பூம்புகாரில் ஒரு பெரிய வாய்க்கால் அளவுக்குத்தான் வந்து நிற்கும். மூன்று நாளாக நாம் தாண்டி வந்த ஒவ்வொரு மதகும் ஆளுக்கொரு பங்கு வாங்கிக்கொண்டது.

ஐந்தாம் படி: கரையில் வழி கேட்பது

"கும்பகோணத்துக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் அக்கறையோடு பஸ் ரோட்டுக்கு அனுப்பிவைப்பார்கள், சில பேர் கூடவே வந்து விடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி: "அண்ணே, இந்தக் கரை எதுவரைக்கும் போகுது? டிராக்டர் போகுமா?" டிராக்டர் போகும் என்றால் தாராளமாக ஓட்டலாம். பைக் போகும் என்றால் ஒற்றையடி, நிதானமாகப் போகலாம். "நடந்து போயிரலாம்" என்று பதில் வந்தால் சைக்கிளைத் தூக்குவதற்குத் தயாராகுங்கள்.

ரெகுலேட்டரில் ஷட்டர் திறந்து மூடும் பணியாளர் யாராவது இருந்தால் அவரை விடாதீர்கள். பழைய ஆட்கள் அவர்களை லஸ்கர் என்பார்கள். கரையின் ஒவ்வொரு எலிவளையும் அவருக்குத் தெரியும். ஒருமுறை வெட்டாற்றில் ஒருவர், நான் கேட்காமலேயே, "அந்தப் பக்கம் போவாதீங்க தம்பி, மூங்கில் சாஞ்சு கிடக்கு. மறுகரையில போயி மூணாவது மதகுல மாறிக்கங்க" என்றார். மூன்றாவது மதகில் மாறினேன். எந்த ஆப்பும் அதைச் சொல்லியிருக்காது.

படித்துறைகளில் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச தூரத்துக்கு முன்பே மணி அடித்து, நிற்காமல், போனை எடுக்காமல் கடந்துவிடுங்கள். பம்புசெட்டில் குளிக்க ஆசைப்பட்டால் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மறுத்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆற்றில் மட்டும் இறங்க வேண்டாம், ஷட்டருக்குப் பக்கத்தில் எக்காரணம் கொண்டும் வேண்டாம். மேலே தண்ணீர் திறந்துவிட்டால் கீழே தெரிவதற்குள் இடுப்பளவு வந்துவிடும். மணல் அள்ளிய குழிகளின் ஆழம் வெளியே தெரியாது.

ஆறாம் படி: ஆடு, வாத்து, நாய், பாம்பு

அறுப்பு முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆட்டு மந்தைகள் வந்துவிடும். வயலில் கிடை போடுவார்கள், புழுக்கைதான் எரு. நூற்றுக்கணக்கில் ஆடு கரையை நிறைத்துக்கொண்டு வரும்போது செய்ய வேண்டியது ஒன்றே: இறங்கி ஓரமாக நின்றுவிடுங்கள். மணி அடித்தால் மந்தை சிதறி ஆற்றுக்குள் இறங்கும், மந்தையை ஓட்டிவரும் கீதாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். தாளடி வயலில் மேயும் வாத்துக் கூட்டமும் அப்படித்தான். ஆனால் அது கடந்து முடிய இன்னும் நேரமாகும், வாத்துக்கு அவசரமே கிடையாது.

நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள், கப்பியில் அது உங்களைவிட நன்றாக ஓடும். நிறுத்தி, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் குரைத்துவிட்டுத் திரும்பிவிடும். அப்படியே கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பயணம் பிறகு.

பொழுது சாய்ந்தபின் கரையில் ஓட்டாதீர்கள். எலி வளை இருக்கும் கரையில் பாம்பு இருக்கும். அறுவடைக் காலத்தில் வயல்வெளியிலிருந்து மேட்டுக்கு ஏறி வரும். நல்லபாம்பு விலகிப் போகும், கண்ணாடி விரியன் அசையாமல் கிடக்கும், அதுதான் ஆபத்து. இயற்கை உபாதைக்குப் புதரோரம் ஒதுங்கும்போதும் காலைத் தட்டித் தட்டி வையுங்கள். எது நடந்தாலும் 108 என்ற எண்ணும், கடைசியாகத் தாண்டிய ஊரின் பெயரும் நினைவில் இருக்கட்டும். "ஆற்றங்கரையில் இருக்கிறேன்" என்றால் ஆம்புலன்ஸ் எந்த ஆற்றுக்கு வரும்?

ஏழாம் படி: திரும்புவது

பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறை 24 கிலோமீட்டர். தெம்பு இருந்தால் ஓட்டியே வரலாம். அங்கே ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் சைக்கிளைப் புக் செய்து, நீங்கள் போகும் ரயிலின் லக்கேஜ் வேனில் ஏற்றலாம். டிக்கெட், அடையாள அட்டை இரண்டும் கேட்பார்கள். ரயில் நேரத்துக்கு ஒரு மணி நேரமாவது முன்னால் போய்விடுங்கள். டிரெய்லியர் இருக்கும் பக்கத்தில் அட்டை வைத்துக் கட்டிவிடுங்கள். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். பெயரும் ஊரும் எழுதிய சீட்டை இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். ஓரிரு நிமிடம் மட்டும் நிற்கும் சின்ன நிலையங்களில் இது நடக்காது, அங்கே முயற்சி செய்து கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிள்மேல் ஹோஸ் பைப்பைத் திருப்பாதீர்கள். வண்டல் ஈரமானால் பேரிங்குக்குள்ளும் செயினுக்குள்ளும் குழம்பாகப் புகுந்துவிடும். ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டினால் செதில் செதிலாக உதிரும். பிறகு செயினைத் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். கீழே பழைய செய்தித்தாள் ஒன்றைப் பரப்பி வைத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த மண்ணைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வருவதில்லை. மாடியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில்தான் போடுகிறேன். செடி நன்றாக வருகிறது.